கப்பலுக்குப் பிந்தி வரும் அலை

பஸ்ஸுக்குக் காசில்லை எங்கள் ஊரில்.
வறுமையைச் சொல்லவில்லை, சட்டத்தைச் சொல்கிறேன்.
தாலின் நகரத்தாள் என்று பதிந்துகொண்டால் போதும்,
பச்சை அட்டையைக் காட்டியதும்
பீப் என்று ஏற்றுக்கொள்ளும் கருவி.
அந்த பீப்புக்காக
நிறுத்தத்திலேயே என் பைக்குள் கைவிட்டுத் துழாவுகிறான் உக்கு.
ஐந்து வயதுக்கு அட்டை தேவையில்லை.
பீப் தேவை.

ஞாயிறு. ஏப்ரல். பூஜ்ஜியத்துக்கு மேலே நாலு டிகிரி.
மிருகக்காட்சிசாலை கேட்டிருந்தாள் லெம்மெ.
நாலு பேருக்குக் கூட்டிப் பார்த்தேன்,
பிறகு மூன்று பேருக்கு.
இரண்டுக்கும் ஒரே விடை: அடுத்த மாதம்.
கடலில் யானை உண்டா என்றான் சின்னவன்.
இல்லை,
யானையைவிடப் பெரிதாக ஒன்று
நாலரைக்குப் புறப்படும் என்றேன்.

அவித்த முட்டை நாலு, கறுப்பு ரொட்டி,
ஜாம் பாட்டிலில் தேநீர்.
சூடு ஆறாதிருக்க அதற்கொரு கம்பளிக் காலுறை.
உக்குவுக்கு மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி.
எதற்கு இரண்டு என்று லெம்மெ கேட்கவில்லை.
போன தடவையும் வந்தவள் அவள்.

சரக்கு ரயில்கள், பூட்டிய கராஜ்கள்,
நடுவே ஒரு வீட்டில் மட்டும் தொட்டிச் செடி.
அறிவிப்புக் குரலுக்கு முந்திக்கொண்டு
ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் சொல்லி ஜெயித்தாள்.
கடைசி நிறுத்தம் பிக்காகரி.
டிரைவர் இறங்கி முதுகை முறித்தார்.
கடல் அங்கேயே இருந்தது,
டிக்கெட் கேட்காமல்.

துறைமுகத்துக்கே போய் வழியனுப்பலாம்தான்.
அங்கே அழுகை வரும்.
இங்கே அலை வரும்.

பக்கத்தில் ரஷ்ய மொழிக் குடும்பம்,
மடக்கு நாற்காலி, புகையும் அடுப்பு, சந்தேகப்படும் நாய்.
அவர்கள் பிள்ளையும் என் பிள்ளையும்
ஒரு வாளியை வைத்து ஏதோ உடன்படிக்கை செய்தார்கள்.
ஒரு முட்டை அங்கே போயிற்று.
அரைத் தொத்திறைச்சி இங்கே வந்தது.
மொழிபெயர்ப்பாளர் யாரும் தேவைப்படவில்லை.

பிறகு அது வந்தது,
வெள்ளையாக, ஒரு தெருவையே பெயர்த்தெடுத்த மாதிரி.
ஏழாம் தளம், இடப்பக்கம், மஞ்சள் தொப்பி
என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான் ஆஹ்தோ.
பன்னிரண்டு நாள் ஹெல்சின்கியில் இரும்பு பற்றவைப்பவன்,
இரண்டு நாள் எங்களவன்.
எந்தத் தளம் எது என்றே தெரியவில்லை.
எல்லா ஜன்னலுக்கும் கையாட்டினோம்.
புகைபோக்கிக்குத் தனியாக ஆட்டினான் உக்கு,
விட்டுப்போகக் கூடாதே என்று.

போன் துடித்தது.
“பார்த்துவிட்டேன்! லெம்மெயின் சிவப்பு பூட்ஸ்!”
அவள் வாசித்தாள்.
குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தாள்.
சிவப்பு போன வருஷத்தது.
இது நீலம்.
கொஞ்ச நேரம் விரல் எழுத்துகளின் மேல் நின்றது.
பிறகு, என்னைக் கேட்காமலே, அனுப்பினாள்:
“நாங்களும் பார்த்தோம். தொப்பி அழகு.”
ஒன்பது வயது.
நான் முட்டை ஓடுகளைப் பொறுக்கத் தொடங்கினேன்,
ஏற்கெனவே பொறுக்கியவற்றையும்.

கப்பல் ஒரு பல்லளவு ஆயிற்று.
கடல் ஒன்றும் நடக்காததுபோல் கிடந்தது.
ரஷ்யக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்,
நாற்காலியை இரண்டடி பின்னால் இழுத்தார்.
“இப்போது” என்றாள் லெம்மெ.

போனவர்கள் போய்ப் பத்து நிமிஷம் கழித்து
வந்தது அவர்கள் கிளப்பிவிட்ட அலை,
ஒன்றன்பின் ஒன்றாக,
காற்றே இல்லாத கரைக்கு.
நாய் குரைத்தது. வாளி மிதந்தது.
மூன்றாவது அலை அப்பாவுடையது என்று தீர்ப்பளித்தான் உக்கு.
சாட்சி: பூட்ஸுக்குள் புகுந்தது அது மட்டும்தான்.

திரும்பும் பஸ்ஸில் தூங்கிப்போனான்.
அவன் அடிக்கவேண்டிய பீப்பை நானே அடித்தேன்.
மடியில் பிளாஸ்டிக் பை,
அதில் அந்த ஒற்றைக் காலுறை.
கரையிலேயே பிழிந்துவிடப் போனேன்,
விடவில்லை.
சிக்னலுக்குச் சிக்னல்
பையின் மூலையிலிருந்து
என் பாவாடையில் சொட்டிக்கொண்டு வந்தது.